ஆலோசனை நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு: அறிக்கையில் எதைப் பார்ப்பது?

மரினா பே, ராஃபிள்ஸ் பிளேஸ், கோலாலம்பூர் நகர மையம் ஆகிய வட்டாரங்களின் உயரமான கட்டடங்களில் இயங்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கு ஆலை கிடையாது. புகைபோக்கியும் இல்லை, லாரிகளும் இல்லை. ஊழியர்கள், மடிக்கணினிகள், விமானச் சீட்டுகள் ஆகியவற்றைக் கொண்டே அவை தொழில் நடத்துகின்றன. இருப்பினும் பெரிய ஆலோசனை நிறுவனங்கள் பலவும் ஆண்டுதோறும் 'நிலைத்தன்மை அறிக்கை' அல்லது 'சமூகத் தாக்க அறிக்கை' என்ற பெயரில் தடித்த அறிக்கை ஒன்றை வெளியிடுகின்றன. கடற்கரையைத் துப்புரவு செய்யும் ஊழியர்களின் படங்களும் கரிம வெளியேற்றம் குறித்த அட்டவணைகளும் அதில் இருக்கும்.

இந்த அறிக்கைகள் முதலீட்டாளர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும் பட்டதாரி, அதன் உதவியைப் பெறும் அறநிறுவனம் அல்லது பள்ளி, அதற்கு உணவோ துப்புரவுச் சேவையோ வழங்கும் சிறு நிறுவனம் என மூன்று தரப்பினருக்கும் இவற்றில் வேலை இருக்கிறது.

ஆலோசனை நிறுவனத்தின் பொறுப்பை மூன்று இடங்களில் தேடலாம். ஒன்று, அதன் ஊழியர்கள் மேற்கொள்ளும் பயணம். இரண்டு, அவர்களின் நேரம். மூன்று, அந்நிறுவனம் விற்கும் ஆலோசனை. முதல் இரண்டும் அறிக்கையில் எண்களோடு விரிவாக இருக்கும். மூன்றாவது குறித்து எண்கள் அரிது. ஆனால், சமூகத்தை அதிகம் பாதிப்பது அதுதான்.

பெயர்கள் பல, பொருள் என்ன?

'சிஎஸ்ஆர்' எனப்படும் நிறுவனச் சமூகப் பொறுப்பு, இவற்றில் பழைய சொல். ஈட்டிய லாபத்தில் ஒரு பகுதியையோ ஊழியர்களின் நேரத்தையோ சமூகத்துக்குத் தருவது என்றே பலர் அதைப் புரிந்துகொள்கின்றனர். மலேசியாவில் புர்சா மலேசியா 2006ல் வெளியிட்ட சிஎஸ்ஆர் கட்டமைப்பு அதைவிட விரிவானது. சுற்றுச்சூழல், சமூகம், சந்தை, பணியிடம் ஆகிய நான்கையும் அது உள்ளடக்கியது. லாபத்தை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதோடு அதை எப்படி ஈட்டுகிறோம் என்பதும் பொறுப்பில் அடங்கும் என்பதே அதன் கருத்து.

'இஎஸ்ஜி' என்பது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றையும் குறிக்கும் சுருக்கம். ஐக்கிய நாட்டு அமைப்பின் முயற்சியில் 2004ல் வெளியான ஓர் அறிக்கையின் வழியாக இச்சொல் நிதித்துறையில் பரவியது. ஒரு நிறுவனத்தின் பணத்துக்கு இம்மூன்றாலும் என்ன ஆபத்து என்று முதலீட்டாளர் கேட்கும் கேள்வி அது.

'நிலைத்தன்மை' என்பது வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளுக்குக் கேடு விளைவிக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதாகும். 1987ல் வெளியான புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை இந்த விளக்கத்தைப் பரவலாக்கியது.

இவர்கள் யார்?

ஆலோசனைத் துறையில் இரு வகைப் பெரிய நிறுவனங்கள் உள்ளன. 1926ல் தொடங்கிய மெக்கின்ஸி, 1963ல் தொடங்கிய பாஸ்டன் கன்சல்டிங் குழுமம், 1973ல் தொடங்கிய பெய்ன் ஆகியவை நிர்வாக உத்தி குறித்து ஆலோசனை தருபவை. டிலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி ஆகிய 'பெரிய நான்கு' நிறுவனங்கள் கணக்காய்வு, வரி, ஆலோசனை என எல்லாவற்றையும் ஒரே பெயரின்கீழ் நடத்துபவை.

இந்த ஏழும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை அல்ல. பங்காளிகளே அவற்றின் உரிமையாளர்கள். பெரிய நான்கும் நாட்டுக்கு நாடு தனித்தனிச் சட்ட அமைப்புகளாக இயங்குகின்றன. நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டுள்ள அக்சென்சர் போன்றவை இதற்கு விதிவிலக்கு.

இந்த அமைப்புமுறைக்கு ஒரு விளைவு உண்டு. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு உள்ள அறிக்கை விதிமுறைகள் இவற்றைத் தாமாகக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே இவற்றின் அறிக்கைகளில் பெரும்பகுதி தாமே விரும்பி எழுதுபவை. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில் அவற்றுக்கு நிறையச் சுதந்திரம் இருக்கிறது.

முதல் இடம்: விமானப் பயணம்

நிறுவனங்கள் தங்கள் கரிம வெளியேற்றத்தைப் 'பசுமை இல்ல வாயு நெறிமுறை' என்ற அனைத்துலக முறைப்படி கணக்கிடுகின்றன. அது வெளியேற்றத்தை மூன்றாகப் பிரிக்கிறது.

ஸ்கோப் 1 என்பது நிறுவனமே எரிக்கும் எரிபொருள். ஸ்கோப் 2 என்பது வாங்கும் மின்சாரத்தால் ஏற்படும் வெளியேற்றம். ஸ்கோப் 3 என்பது மற்ற எல்லாம். அதில் 15 பிரிவுகள் உள்ளன. அலுவலகப் பயணம், ஊழியர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வருவது, வெளியில் வாங்கும் பொருள்களும் சேவைகளும் எல்லாம் அதில்தான் வரும்.

சிமெண்டு ஆலையின் வெளியேற்றத்தில் பெரும்பகுதி ஸ்கோப் 1ல் இருக்கும். ஆலோசனை நிறுவனத்தில் அது தலைகீழ். அலுவலக விளக்கும் குளிர்சாதனமும் அதற்குச் சிறிய கணக்கு. ஆலோசகர் வாடிக்கையாளரைத் தேடி வாரந்தோறும் பறப்பதே பெரிய கணக்கு. ஆகவே, "எங்கள் அலுவலகங்கள் 100 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் இயங்குகின்றன" என்ற வாசகம் உண்மையாகவே இருந்தாலும், அது சிறிய பகுதியைப் பற்றியதுதான்.

விமானத்தில் எந்த இருக்கை என்பதும் கணக்கில் சேரும். பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிடும் கணக்கீட்டு அளவுகளின்படி, நெடுந்தொலைவுப் பயணத்தில் பிஸ்னஸ் வகுப்புப் பயணிக்கு எக்கானமி பயணியைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு வெளியேற்றம் கணக்கிடப்படுகிறது. அந்த இருக்கை அதிக இடத்தை எடுத்துக்கொள்வதே காரணம்.

இலக்குகளைப் பொறுத்தவரை இத்துறை 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெரிய வாக்குறுதிகளை அளித்தது. பிடபிள்யூசி, கேபிஎம்ஜி, பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் ஆகியவை 2030க்குள் நிகர பூஜ்ஜிய வெளியேற்றத்தை எட்டப்போவதாக அறிவித்தன. மெக்கின்ஸியும் அதே ஆண்டை இலக்காகக் கொண்டது. டிலாய்ட், ஊழியர் ஒருவருக்கான பயண வெளியேற்றத்தை 2019ஆம் ஆண்டைக் காட்டிலும் 2030க்குள் பாதியாகக் குறைக்கப்போவதாகக் கூறியது.

இத்தகைய இலக்குகளைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் உதவும்.

முதலாவது, ஒப்பிடும் ஆண்டு எது? கொவிட்-19 காரணமாக 2020லும் 2021லும் விமானங்கள் பெரும்பாலும் தரையில் நின்றன. அந்த ஆண்டுகளில் வெளியேற்றம் குறைந்தது நிறுவனத்தின் முயற்சியால் அல்ல. எனவே 2019ஆம் ஆண்டோடு ஒப்பிடும் எண்ணே பொருளுள்ளது.

இரண்டாவது, குறைப்பது மொத்த வெளியேற்றத்தையா, ஊழியர் ஒருவருக்கான சராசரியையா? ஊழியர் எண்ணிக்கை இரு மடங்கானால், சராசரி பாதியானாலும் மொத்தம் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, உண்மையாகக் குறைத்தது எவ்வளவு, கரிமப் புள்ளிகளை வாங்கி ஈடுகட்டியது எவ்வளவு? வேறோர் இடத்தில் காட்டைப் பாதுகாப்பதற்குப் பணம் கொடுத்து, அதைத் தன் கணக்கில் கழித்துக்கொள்வதே ஈடுகட்டுதல். 'கரிம நடுநிலை' என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் அது இருக்கும். அறிவியல் அடிப்படையிலான இலக்குகளை மதிப்பிடும் எஸ்பிடிஐ அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட தரநிலைப்படி, நிகர பூஜ்ஜியம் என்று சொல்ல, நீண்டகால அடிப்படையில் வெளியேற்றத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை நிறுவனமே குறைத்தாக வேண்டும். எஞ்சிய சிறு பகுதிக்கு மட்டுமே மாற்றுவழி உண்டு.

இரண்டாம் இடம்: ஊழியர்களின் நேரம்

ஆலோசனை நிறுவனம் விற்பது நேரம். அது சமூகத்துக்குத் தரக்கூடிய மிகப் பெரிய கொடையும் நேரமே.

கட்டணம் வாங்காமல் தொழில்முறைச் சேவை வழங்குவதை 'புரோ போனோ' என்பர். பெய்ன் நிறுவனம் 2015 முதல் 10 ஆண்டுகளில் 1 பில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேலான மதிப்பில் இத்தகைய சேவையை வழங்குவதாக உறுதி கூறியது. அதே நிறுவனத்தின் ஆதரவோடு 2000ல் செயல்படத் தொடங்கிய பிரிட்ஜ்ஸ்பேன், அறநிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்குவதற்காகவே நடத்தப்படும் லாப நோக்கமற்ற அமைப்பு.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கணக்காளர் 40 பேர் ஒரு சனிக்கிழமை வந்து பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசுவதும் தொண்டூழியம்தான். அதே கணக்காளர்களில் இருவர் மூன்று மாதங்கள் உடனிருந்து, ஓர் அறநிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களைச் சீராக்கி, அதன் ஊழியருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவதும் தொண்டூழியம்தான். முதலாவதில் மொத்த மணிநேரமும் படங்களும் அதிகம் கிடைக்கும். இரண்டாவதன் பயன் அவர்கள் போன பிறகும் நிற்கும். அறிக்கையில் இரண்டும் 'தொண்டூழிய மணிநேரம்' என்ற ஒரே வரியில் சேர்க்கப்பட்டிருந்தால், பிரித்துக் கேட்பது நியாயம்.

சிங்கப்பூரில் இந்தச் சேவைக்கு அரசாங்கமும் உதவுகிறது. 2016 ஜூலையில் அறிமுகமாகி இப்போது நிறுவனத் தொண்டூழியத் திட்டம் என அழைக்கப்படும் திட்டத்தின்கீழ், தகுதிபெற்ற அறநிறுவனங்களுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனம், அதற்கான அடிப்படைச் சம்பளத்துக்கும் தொடர்புடைய செலவுகளுக்கும் 250 விழுக்காடு வரிக்கழிவு பெறலாம். இதற்கு உச்சவரம்பு உண்டு.

எடுத்துக்காட்டாக, தகுதிபெற்ற செலவு 10,000 வெள்ளி என்றால், 25,000 வெள்ளி வருமானத்திலிருந்து கழிக்கப்படும். 17 விழுக்காடு நிறுவன வரியில் அது 4,250 வெள்ளி மிச்சம். வழக்கமான வர்த்தகச் செலவாகக் காட்டியிருந்தால் மிச்சம் 1,700 வெள்ளிதான். அந்த வித்தியாசம் பொதுப் பணம். ஆகவே, உதவி பெறும் அமைப்பு, வந்த உதவி தனக்குப் பயன்பட்டதா என்று வெளிப்படையாகச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மலேசியாவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு நிறுவனம் வழங்கும் ரொக்க நன்கொடைக்கு, அதன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கழிவு உண்டு. தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் நிறுவனங்களின் உதவியை நாடும்போது, அந்த உதவி எந்த அமைப்பின் வழியாக வருகிறது, அது வரிக்கழிவுக்கு அங்கீகாரம் பெற்றதா என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்வது நல்லது.

ஊழியர்களின் நேரம் என்றால் அவர்களின் சொந்த நேரமும் சேர்ந்ததே. ஆலோசனைத் துறை நீண்ட வேலைநேரத்துக்குப் பெயர்போனது. சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் வேலைநேரம், மிகைநேரச் சம்பளம் ஆகியவற்றைப் பற்றிய பகுதி, உடலுழைப்பு சாராத வேலைகளில் மாதம் 2,600 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் பெறுவோருக்கே பொருந்தும். மேலாளர்களும் நிர்வாகிகளும் அதில் அடங்கமாட்டார்கள். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வாராந்தர வேலைநேர வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தபோதும், மிகைநேரச் சம்பளத்துக்கான உரிமை பொதுவாக மாதம் 4,000 ரிங்கிட் வரை பெறுவோருக்கே.

அதாவது, இளம் ஆலோசகர் ஒருவர் இரவு 11 மணி வரை அலுவலகத்தில் இருந்தால், சட்டத்தின் பாதுகாப்பு அவருக்குக் குறைவு. நிறுவனத்தின் சொந்தக் கொள்கையே அவருக்குத் துணை. எனவே, வேலையைவிட்டு விலகுவோரின் விகிதம், பெற்றோர் விடுப்பு எடுத்தோர் திரும்பி வந்த விகிதம், பங்காளிகளில் பெண்களின் பங்கு போன்ற எண்கள் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது, கடற்கரைத் துப்புரவுப் படங்களைப் பார்ப்பதைவிடப் பட்டதாரிக்குப் பயனுள்ளது.

மூன்றாம் இடம்: விற்கும் ஆலோசனை

ஆலோசகர் எழுதித் தரும் 60 பக்க அறிக்கையால் புகை வராது. ஆனால், அதைப் பின்பற்றி வாடிக்கையாளர் ஓர் ஆலையை மூடலாம். நிலக்கரிச் சுரங்கத்தை விரிவாக்கலாம். மருந்து விற்பனையைப் பெருக்கலாம். ஸ்கோப் 3ன் 15 பிரிவுகளில் இதற்கெனத் தனி இடம் இல்லை.

மெக்கின்ஸியின் அனுபவம் இதை விளக்கும். அமெரிக்காவில் ஓபியாய்டு வலிநிவாரணிகளுக்குப் பல லட்சம் பேர் அடிமையான நெருக்கடியில், ஆக்ஸிகாண்டின் மாத்திரையைத் தயாரித்த பர்டியூ ஃபார்மா நிறுவனத்துக்கு விற்பனையைப் பெருக்க மெக்கின்ஸி ஆலோசனை வழங்கியிருந்தது. அத்தகைய பணியை 2019ல் கைவிட்டதாக அது கூறியது. 2021 பிப்ரவரியில் 47 அமெரிக்க மாநிலங்கள் உள்ளிட்ட தரப்புகளுடன் 573 மில்லியன் டாலர் தொகைக்குச் சமரசம் செய்துகொண்டது. 2024 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறையின் விசாரணையை முடிவுக்குக் கொண்டுவர 650 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

அந்நிறுவனத்தின் கரிம இலக்கும் சமூக நன்கொடைகளும் பொய் என்று இதற்குப் பொருள் அல்ல. அவை உண்மையாக இருந்தபோதும் இந்தப் பெரிய பாதிப்பு அவற்றின் அட்டவணைகளுக்கு வெளியே நிகழ்ந்தது என்பதே கவனிக்க வேண்டியது.

நிறுவனத்துக்குள்ளேயும் இந்தக் கேள்வி எழுந்தது. அதிக வெளியேற்றம் கொண்ட வாடிக்கையாளர்களுக்கான பணி குறித்து மெக்கின்ஸி ஊழியர்கள் 1,100க்கும் மேற்பட்டோர் தங்கள் தலைமைக்கு எழுதிய கடிதத்தில் கையொப்பமிட்டது 2021 அக்டோபரில் செய்தியானது. அத்தகைய வாடிக்கையாளர்களைக் கைவிட்டால் மாற்றம் வராது, அவர்களோடு இருந்தே மாற்ற வேண்டும் என்பது நிறுவனத் தரப்பின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது மெய்யா என்பதை அறிய, அந்த வாடிக்கையாளர்களின் வெளியேற்றம் குறைந்ததா என்ற எண் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2023ல் வெடித்த விவகாரம் வேறு வகை. பன்னாட்டு நிறுவனங்கள் வரியைத் தவிர்ப்பதைத் தடுக்கும் சட்டத்தை வடிவமைக்க அந்நாட்டு அரசாங்கம் பிடபிள்யூசி ஆஸ்திரேலியாவின் பங்காளி ஒருவரிடம் ரகசியமாக ஆலோசனை கேட்டிருந்தது. அந்த ரகசியத் தகவல்கள் நிறுவனத்துக்குள் பகிரப்பட்டு, வாடிக்கையாளர்களைத் தேடவும் பயன்பட்டன. விளைவாக, பிடபிள்யூசி ஆஸ்திரேலியா தனது அரசாங்க ஆலோசனைப் பிரிவை 1 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்க நேர்ந்தது.

மலேசிய வாசகர்களுக்கு 1எம்டிபி நினைவுக்கு வரும். அது ஆலோசனை அல்ல, கணக்காய்வு தொடர்பானது. எனினும் அதே 'பெரிய நான்கு' நிறுவனங்களின் பெயர்கள்தாம் அதிலும் வந்தன. 2021 மார்ச்சில் டிலாய்ட் 80 மில்லியன் அமெரிக்க டாலரும், அதே ஆண்டு செப்டம்பரில் கேபிஎம்ஜி 333 மில்லியன் ரிங்கிட்டும் மலேசிய அரசாங்கத்துக்குச் செலுத்திச் சமரசம் காண ஒப்புக்கொண்டன.

ஆகவே ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையில் தேட வேண்டிய முக்கியப் பகுதி, வாடிக்கையாளரை ஏற்பது பற்றியது. எந்தப் பணியை மறுப்போம் என்று எழுதப்பட்ட விதி இருக்கிறதா? மறுக்கும் முடிவை எடுப்பது யார்? பணியைக் கொண்டுவந்த பங்காளிக்கு அந்த முடிவில் வாக்கு உண்டா? மனசாட்சி உறுத்தும் பணியிலிருந்து இளநிலை ஊழியர் விலகிக்கொள்ள முடியுமா? அபராதமும் சமரசத் தொகையும் அறிக்கையில் சொல்லப்பட்டுள்ளனவா? இவற்றுக்குப் பதில் இருக்கும் அறிக்கை, படங்கள் குறைவாக இருந்தாலும் நல்ல அறிக்கை.

விதிமுறைகள் எங்கே நிற்கின்றன?

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை, பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் நிலைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும் அல்லது வெளியிடாததற்குக் காரணம் கூற வேண்டும் என்ற விதியை 2016ல் அறிவித்தது. அதன்பின் பருவநிலை குறித்த தகவல்கள் படிப்படியாகக் கட்டாயமாயின.

2025 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்ட மாற்றங்களின்படி, எஸ்டிஐ குறியீட்டில் உள்ள நிறுவனங்கள் முதலில் முழு விதிகளுக்கு உட்படுகின்றன. மற்ற பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குக் கூடுதல் அவகாசம் தரப்பட்டது. பட்டியலிடப்படாத பெரிய நிறுவனங்களுக்கு, அதாவது ஆண்டு வருமானம் 1 பில்லியன் வெள்ளியும் சொத்து மதிப்பு 500 மில்லியன் வெள்ளியும் எட்டியவற்றுக்கு, 2030ஆம் நிதியாண்டு வரை காலக்கெடு தள்ளிப்போனது.

மலேசியாவில் 2024 செப்டம்பரில் தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பு அறிமுகமானது. சந்தை மதிப்பு 2 பில்லியன் ரிங்கிட்டும் அதற்கு மேலும் உள்ள முதன்மைச் சந்தை நிறுவனங்கள் 2025 முதலும், முதன்மைச் சந்தையின் மற்ற நிறுவனங்கள் 2026 முதலும், ஏஸ் சந்தை நிறுவனங்களும் 2 பில்லியன் ரிங்கிட் வருமானமுள்ள பட்டியலிடப்படாத நிறுவனங்களும் 2027 முதலும் இதைப் பின்பற்றும்படி வகுக்கப்பட்டது.

இந்த விதிகள் ஆலோசனை நிறுவனங்களுக்குப் புதிய தொழிலையும் கொண்டுவந்தன. வாடிக்கையாளருக்கு நிலைத்தன்மைத் திட்டம் வகுப்பது, அறிக்கை எழுத உதவுவது, எழுதிய அறிக்கையைச் சரிபார்ப்பது என மூன்றும் கட்டணச் சேவைகள். தேர்வுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரே விடைத்தாளையும் திருத்தினால் மதிப்பெண்மீது நம்பிக்கை வராது. ஆகவே, அறிக்கையைச் சரிபார்த்த நிறுவனம் அதே வாடிக்கையாளருக்கு வேறு என்ன சேவை விற்றது என்பதும் கேட்கத்தக்க கேள்வி.

சிறு நிறுவனங்களுக்கு என்ன?

ஆலோசனை நிறுவனத்தின் தீபாவளி விருந்துக்கு உணவு அனுப்பும் சமையல் நிறுவனமும், அதன் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் துப்புரவு நிறுவனமும் அதன் ஸ்கோப் 3 கணக்கில் இருக்கின்றன. அதனால், "உங்கள் கரிம வெளியேற்றம் எவ்வளவு?" என்று கேட்கும் படிவம் சிறு முதலாளிகளின் கைக்கும் வருகிறது. படிவத்தைக் கண்டு அஞ்சி ஒப்பந்தத்தைக் கைவிட வேண்டியதில்லை. மின்கட்டண ரசீதும் எரிபொருள் ரசீதும் இருந்தால் தொடக்கக் கணக்கைச் செய்துவிடலாம்.

சிங்கப்பூரில் ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயு கணக்கிடப்படுகிறது. மாதம் 2,000 கிலோவாட் மணி பயன்படுத்தும் சமையற்கூடம் ஆண்டுக்கு 24,000 கிலோவாட் மணி பயன்படுத்தும். அதை 0.4ஆல் பெருக்கினால் 9,600 கிலோ, அதாவது 9.6 டன். இது ஸ்கோப் 2. டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ. மாதம் 300 லிட்டர் டீசல் போடும் வேன் ஆண்டுக்கு 3,600 லிட்டர் எரிக்கும். அது 9,720 கிலோ. இது ஸ்கோப் 1. சமையல் எரிவாயுவுக்கும் இதேபோல் ரசீதை வைத்துக் கணக்கிட்டு ஸ்கோப் 1ல் சேர்க்க வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் நிலக்கரி மின்சாரம் அதிகம் என்பதால், ஒரு கிலோவாட் மணிக்கான அளவு 0.7 கிலோவுக்கும் மேல். அதே சமையற்கூடம் ஜோகூர் பாருவில் இருந்தால், அதே மின்சாரத்துக்குக் கணக்கு 16 டன்னைத் தாண்டிவிடும். எனவே எந்த நாட்டின் அளவைப் பயன்படுத்தினோம் என்பதைப் படிவத்தில் எழுதிவிட வேண்டும். அளவுகள் ஆண்டுதோறும் மாறும் என்பதால் அந்த ஆண்டுக்குரிய அதிகாரபூர்வ எண்ணையே எடுக்க வேண்டும். மலேசியச் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காகக் கேப்பிட்டல் மார்க்கெட்ஸ் மலேசியா 2023ல் எளிமையான இஎஸ்ஜி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அது தொடக்கம், இடைநிலை, உயர்நிலை என மூன்று படிகளாக அமைந்தது. முதல் படியோடு தொடங்கினால் போதும்.

படிவம் அனுப்பும் பெரிய நிறுவனத்திடமும் ஒரு கேள்வி கேட்கலாம். சிறு நிறுவனத்துக்கான கட்டணத்தை அது எத்தனை நாளில் செலுத்துகிறது? ரசீது கொடுத்து 90 நாள் காத்திருக்கும் துப்புரவு நிறுவனத்துக்கு, வாடிக்கையாளரின் சமூகப் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கையில் வைத்துக்கொள்ள சில கேள்விகள்

வேலைக்கு விண்ணப்பிப்போர் நேர்முகத் தேர்வின் முடிவில், "கேள்வி ஏதும் உண்டா?" என்று கேட்கப்படும்போது இவற்றில் ஒன்றைக் கேட்கலாம்: கடந்த ஆண்டில் நிறுவனம் மறுத்த பணி ஏதாவது உண்டா? ஒரு பணியில் சேர விரும்பாத ஊழியர் அதை யாரிடம் சொல்வார்? புரோ போனோ பணியில் செலவிடும் நேரம் ஆண்டு மதிப்பீட்டில் சேர்க்கப்படுமா?

உதவி பெறும் அறநிறுவனங்களும் பள்ளிகளும் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டியவை: வருபவர்கள் எத்தனை மாதம் இருப்பார்கள்? அவர்கள் போன பிறகு வேலையைத் தொடரப்போவது யார், அவருக்குப் பயிற்சி உண்டா? கணினிகள் வழங்கப்பட்டால் பழுதுபார்க்கும் செலவு யாருடையது? மாணவர்களின் படங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் அனுமதி வாங்கப்படுமா? உதவிக்கு ஈடாகப் பிற்காலத்தில் கட்டணச் சேவை வாங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டா?

வந்த உதவி பொருந்தவில்லை என்றால் அதைப் பணிவாகச் சொல்லி மாற்றிக் கேட்கவும் அமைப்புகளுக்கு உரிமை உண்டு. பள்ளிச் சுவருக்கு ஏற்கெனவே சாயம் பூசியாகிவிட்டது, கணக்குப் புத்தகத்தைப் பார்க்கத்தான் ஆள் இல்லை என்றால், அதைச் சொன்னால்தான் அனுப்புபவர்களுக்கும் தெரியும்.